தோட்டாவுக்குக் கணக்கு உண்டு, சினிமாக்காரர்களே

கதாநாயகன் ஒற்றை ஆளாக இருபது பேரைப் புரட்டி எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடிபட்டவன் பறந்துபோய் ஆட்டோ மேல் விழட்டும், ஆட்டோ காய்கறிக் கடை மேல் விழட்டும், விசில் அடித்துப் பார்க்கிறவன்தான் நானும். ஆனால் அதே ஆள் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவியதும் எனக்குப் படம் கெட்டுவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நான் கெடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் புகார் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை தியேட்டரில் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

காலாட்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் வேலூர் மாவட்டத்தில் கணியம்பாடிப் பக்கம். எங்கள் வட்டாரத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர். அதனால் நான் இங்கே எழுதுவதை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கத்து டீக்கடை எதில் உட்கார்ந்தாலும் இதே புலம்பலைக் கேட்கலாம்.

ஃபயரிங் ரேஞ்சில் என்ன நடக்கும் தெரியுமா? காலையில் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ரைபிள் நம்பரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். தோட்டாவை எண்ணித்தான் தருவார்கள். ஐந்து என்றால் ஐந்து. சுட்டு முடித்ததும் 'காலி கர்' என்று குரல் வரும். தோட்டா வைக்கும் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துக் காட்டி, தோட்டா அறை காலி என்று பயிற்சி தரும் உஸ்தாத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே முடியும். அப்புறம் ஆரம்பிக்கும் நிஜமான வேலை, கோக்கா பொறுக்குவது. சுட்ட பிறகு வெளியே வந்து விழும் பித்தளைக் கூட்டுக்கு எங்கள் பாஷையில் கோக்கா என்று பெயர். ஐந்து சுட்டால் ஐந்து கோக்கா திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் போச்சு. மொத்தக் கம்பெனியும் வரிசை கட்டி, குனிந்து, புல்லை விரலால் விலக்கி விலக்கிப் போக வேண்டும். பகல் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். எஸ்.எல்.ஆர். என்ற பழைய பட்டாள ரைபிள் இருக்கிறதே, அது கோக்காவை வலது பக்கம் நல்ல தூரத்துக்கு வீசியடிக்கும். பக்கத்தில் படுத்திருக்கிறவன் சட்டைக் காலருக்குள் அது விழுந்தால் கழுத்தில் கொப்புளம் நிச்சயம். அவன் துள்ளவும் கூடாது. கையில் லோடு செய்த ரைபிள் இருக்கிறது.

சினிமாவில் அந்தக் கூடு ஸ்லோமோஷனில் சுழன்று சுழன்று விழுந்து தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதோடு சரி. பொறுக்க ஆளே இல்லை. போலீஸ் வேடத்தில் வரும் நாயகன் கடைத்தெருவில் அறுபது ரவுண்டு சுட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போகிறார். நிஜத்தில் அந்த மனிதர் ஒவ்வொரு ரவுண்டுக்கும் எழுதிக் கொடுத்தே ரிட்டையர் ஆகியிருப்பார்.

சுடுகிற எண்ணிக்கையும் அப்படித்தான். ஏ.கே. 47-ல் ஒரு மேகசினுக்கு 30 ரவுண்டு. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் விசையை அழுத்திப் பிடித்தால் 3 நொடியில் காலி. நம் பட்டாளத்து இன்சாஸ் ரைபிளில் 20 தான். பாட்டு ஒரு சரணம் முடிகிற வரைக்கும் விடாமல் சுடுகிறாரே, அத்தனை மேகசினையும் எந்தப் பையில் வைத்திருக்கிறார்? நிரப்பிய ஏ.கே. மேகசின் ஒன்று முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். பத்து எடுத்துக்கொண்டால் வேட்டி நிற்காது. பெரிய மெஷின் கன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தபடி சுடுவது இப்போது புது மோஸ்தர். பட்டாளத்தில் நாங்கள் பார்த்த எம்.எம்.ஜி. என்ற நடுத்தர மெஷின் கன், துப்பாக்கி மட்டும் 11 கிலோவுக்கு மேல். பெல்ட் தனி. தரையில் அதன் தாங்குகாலை ஊன்றி வைத்துச் சுடவே அதைத் தயார் செய்திருக்கிறார்கள். குழாய் சூடாவது மட்டும் உண்மை. தோல் உரியும் அளவுக்குச் சூடாகும், அதற்காகவே மாற்றுக் குழாய் கொண்டுபோவோம். ஆக பத்தில் ஒன்றைச் சரியாக எடுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

தங்கச்சி மகன் கேட்டான்: "இன்னா மாமா, ரெண்டு கையிலயும் ஒண்ணு ஒண்ணு வெச்சிகினு சுட முடியாதா?"

"சுடலாம்டா. எங்க போய்ப் படும்னுதான் தெரியாது."

பிஸ்டலில் 25 மீட்டர் தூரத்துப் பலகையை அடிப்பதற்கே நின்ற இடத்தில் நின்று, மூச்சை நிறுத்தி, பின் சைட், முன் சைட், இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். விசையை இழுக்கிறபோது விரல் ஒரு இழை பக்கவாட்டில் தள்ளினாலும் குண்டு பலகைக்கு வெளியே போகும். இரண்டு கையிலும் இரண்டு இருந்தால் எதன் சைட்டைப் பார்ப்பது? பார்க்காமலே சுடுகிறார், பைக்கில் நின்றுகொண்டு. அடியாள் மூன்றாவது மாடியிலிருந்து விழுகிறான்.

விழுவது என்றதும் ஞாபகம் வருகிறது. குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகிறான் அல்லவா? பிஸ்டல் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் நொடிக்கு சுமார் 350 மீட்டர். 70 கிலோ ஆள் மேல் அது பட்டு உள்ளேயே நின்றுவிட்டாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர். பிளஸ் ஒன் இயற்பியல்தான். அவன் பறக்க வேண்டுமானால் சுட்டவனும் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும். நிஜத்தில் குண்டு பட்டவன் பெரும்பாலும் அப்படியே மடங்கி உட்கார்வான், அல்லது நாலு எட்டு ஓடிப்போய் விழுவான்.

சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரைபிள் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சுட்ட எங்களுக்கே சாயங்காலம் வரைக்கும் 'ங்ஙொய்ய்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் செட்டில் பாதிப் பேருக்கு இடது காது மந்தம், வலது காதில் போய்ப் பேச வேண்டும். படத்தில் ஓடுகிற காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு ரவுண்டு சுட்டுவிட்டு, அடுத்த வசனத்தை நாயகி கிசுகிசுப்பாகச் சொல்கிறார். நாயகனுக்கு அது கேட்கிறது! சைலன்சர் மாட்டினால் 'ப்ஸ்க்' என்று மட்டும் வரும் என்பதும் கதைதான். சாதாரணத் துப்பாக்கியில் அது 20, 30 டெசிபல் குறைக்கும். மீதியே கார் ஹாரனைவிட அதிகம். பக்கத்து அறையில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான்.

தோளில் குண்டு பட்டால் ஒன்றும் ஆகாது என்று யார் கிளப்பிவிட்டது? கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கொத்தும் ஒன்றாகப் போகிற இடம் அது. நாயகன் பிராந்தியை ஊற்றி, கத்தியைச் சூடாக்கி, குண்டைத் தோண்டித் தட்டில் போட்டு 'டங்' என்று சத்தம் கேட்டதும் சண்டைக்குக் கிளம்புகிறார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதலில் ரத்தத்தை நிறுத்துவதுதான் அவசரம். குண்டை எடுப்பது ஆபத்து என்றால் உள்ளேயே விட்டுவிடுவதும் உண்டு.

இதற்குத் தமிழ் சினிமா வெளியில் போய்ப் பாடம் கற்க வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். திரையில் எத்தனையோ சண்டை போட்டு வென்ற மனிதருக்குக் கழுத்தில் பாய்ந்தது ஒரே ஒரு குண்டு. உயிர் பிழைத்தார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தேர்தலிலும் ஜெயித்தார். ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. அதற்கு முந்தைய படம் ஒன்றையும் பிந்தைய படம் ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம் எது எது என்று.

இதுவரை சொன்னதெல்லாம்கூடப் போகட்டும், பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது துப்பாக்கியைப் பிடிக்கிற விதத்தில்தான். சுடாத நேரத்திலும் விரல் விசைக்குள்ளேயே இருக்கிறது. நண்பனோடு பேசும்போது குழாய் நண்பன் வயிற்றைப் பார்க்கிறது. யோசிக்கும்போது குழாயாலேயே நெற்றியைச் சொறிகிறார்கள். ரேஞ்சில் குழாய் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலே உஸ்தாதின் பூட்ஸ் விலாவில் பேசும். காலி ரைபிளாக இருந்தாலும் அதே பூட்ஸ்தான், ஏனென்றால் 'காலி' என்று நினைத்துச் செத்தவர்கள்தான் அதிகம் என்பார் அவர். அவர் பேச்சு மிகை இல்லை. அமெரிக்காவில் 1984-ல் ஒரு டி.வி. தொடர் படப்பிடிப்பில் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர், குண்டு இல்லாமல் வெடிமருந்து மட்டும் உள்ள வெற்றுத் தோட்டா போட்ட ரிவால்வரை விளையாட்டாகத் தன் தலையில் வைத்து அழுத்தினார். குண்டே இல்லை, வெற்றுத் தோட்டா வெடித்த வேகமே மண்டை ஓட்டை உடைத்தது. 1993-ல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ. முன்பு போட்ட, மருந்து இல்லாத டம்மி தோட்டாவின் முனை குழாய்க்குள் சிக்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பிறகு வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டபோது அந்த முனை பாய்ந்துவிட்டது. 2021-ல் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ். நடிகர் கையில் இருந்த துப்பாக்கியில் நிஜத் தோட்டா இருந்தது. நம் படங்களில் பெரும்பாலும் டம்மித் துப்பாக்கிதான், தீப்பொறியைக் கணினியில் சேர்க்கிறார்கள், சரி. ஆனால் டம்மியில் பழகிய கையைப் பார்த்துத்தான் நம் பையன்கள் பழகுகிறார்கள். ஜவ்வாது மலைப் பக்கம் இன்னும் நாட்டுத் துப்பாக்கி பிடிபடுகிற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. பஞ்சாயத்துக் காட்சியில் பெரிய மனிதர் இரட்டைக்குழலை வானத்தைப் பார்த்து வெடிக்கிறாரே, கொண்டாட்டத்துக்கு அப்படிச் சுட்டு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை என்று 2019-லேயே ஆயுதச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மேலே போனது எங்கோ இறங்கத்தானே வேண்டும்.

பீரியட் படம் எடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூர் மக்கான் சிக்னலில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைத் தாண்டித்தான் தினம் போகிறோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கையில் இருந்தது குழாயின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து, அப்புறம் சுட வேண்டும். நன்றாகப் பழகியவனே நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். அன்றைக்கு மதில் மேல் தப்பி நின்ற வெள்ளைக்காரப் படையிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, பின்னால் வரும் பீரங்கி வந்து சேரும்வரை துப்பாக்கி முனைக் கத்தியான வெறும் பயனெட்டை வைத்தே சண்டை நடத்த வேண்டியிருந்தது. தோட்டா தீர்வதைவிடப் பெரிய திருப்பம் திரைக்கதையில் என்ன வேண்டும்? அதைத்தான் எல்லாரும் வெட்டி எறிகிறார்கள்.

உதவி இயக்குநர் யாராவது படித்தால், காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பஸ் ஏறுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார். காசு வேண்டாம். உங்கள் ஹீரோவை மட்டும் அரை நாள் அனுப்புங்கள், விரலை விசைக்கு வெளியே வைக்கப் பழக்கி அனுப்புகிறோம். கோக்கா பொறுக்கவும்.