எந்த மென்பொருள் நல்லது என்று இனி என்னிடம் கேட்காதீர்கள்

தைப்பூசத்துக்கு எடுத்த 1,800 படங்கள் கணினியில் அப்படியே கிடக்கின்றன. பங்குனி உத்திரமே வந்துவிட்டது. காவடி எடுத்த தம்பியின் அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார். நானோ ரா கோப்புகளை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகளை, திருத்த எந்த மென்பொருள் சிறந்தது என்று ஒப்பீட்டுக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதமாக!

அந்த ஒப்பீடுகளில் என்ன படங்களைக் காட்டுகிறார்கள்? பனிமலை. ஏரி. சன்னலோரத்தில் வெளிறிய முகத்துடன் ஒரு பெண். இதில் எந்த மென்பொருள்தான் தோற்கும்? தைப்பூச நள்ளிரவில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்கு வந்து பாருங்கள். பெருமாள் கோயிலிலிருந்து காவடி புறப்படுகிறது. கறுத்த தோளில் வியர்வை, நெற்றியில் பட்டையாக விபூதி, இடுப்பில் மஞ்சள் வேட்டி, தலைக்கு மேல் மயில்தோகை, எல்லாவற்றின் மேலும் தெருவிளக்கு. விபூதியைக் காப்பாற்றினால் முகம் சாம்பலாகிறது. முகத்தைத் தூக்கினால் விபூதி வெறும் வெள்ளைத் திட்டாகிறது. நிறத்தைக் கொஞ்சம் கூட்டினால் வேட்டி எலுமிச்சம்பழமாகிறது. தீபாவளி ஒளியூட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தச் சிவப்பும் நீலமும் பட்ட முகங்களில் மூக்கு எங்கே, கன்னம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒருவராவது சோதித்துக் காட்டினாரா?

திறந்தவுடன் தெரியும் நிறத்தை வைத்துத் தீர்ப்பு வேறு சொல்கிறார்கள். ரா கோப்பு இன்னும் படமே ஆகவில்லை, ஐயா! பெரும்பாலான கேமராக்களில் ஒளியைப் பதியும் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சையை மட்டுமே பார்க்கின்றன. சிவப்புக்குக் கால் பங்கு, நீலத்துக்குக் கால் பங்கு. விடுபட்ட நிறத்தை மென்பொருள்தான் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணித்து நிரப்புகிறது. ஃபியூஜி கேமரா நிறுவனத்தின் எக்ஸ்-டிரான்ஸ் உணரியில் இந்தப் புள்ளிகளின் அடுக்கே வேறு. போதாததற்கு ஒவ்வொரு மென்பொருளும் தன் ருசிக்கு வெளிச்சத்தையும் கூர்மையையும் தூவிவிட்டுத்தான் முதல் படத்தையே காட்டுகிறது. டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் திறந்தவுடன் மங்கலாகத் தெரிகிறதாம், ஆகவே தள்ளுபடி. உப்புப் போடும் முன்பே குழம்பை ருசித்துவிட்டுச் சமையல்காரரைத் திட்டுகிறார்கள்.

எனக்கு உண்மையில் ரத்தம் கொதிப்பது இதற்கல்ல. "அண்ணே, அதை விட்டுவிட்டு இதற்கு மாறிவிடுங்கள்" என்று சட்டை மாற்றுவதைப் போலச் சொல்கிறார்களே, அதற்குத்தான். பதினோரு ஆண்டுகளாகத் திருத்திய திருமணங்களும் காதுகுத்துகளும் என்னிடம் இருக்கின்றன. அந்தத் திருத்தங்கள் படத்தின் மேல் இல்லை. இதைக் கூட்டு, அதைக் குறை என்ற குறிப்புகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மென்பொருள் எழுதிய குறிப்பை இன்னொன்று படிக்கத் தெரியாமல் விழிக்கிறது. எக்ஸ்எம்பி என்று அந்தக் குறிப்புக் கோப்பின் பெயர் வால் ஒன்றாகவே இருந்தாலும் நட்சத்திரக் குறியும் தலைப்பும் புதிய மென்பொருளுக்கு வந்து சேரும், சில நேரம் வெட்டிய ஓரமும் வரும். மணப்பெண்ணின் முகத்துக்காக இரவெல்லாம் உட்கார்ந்து கொண்டுவந்த நிறம் வராது.

மாறாமலே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் விடமாட்டார்கள். ஆப்பிள் நிறுவனம் 2014இல் அபெர்ச்சர் மென்பொருளுக்கு முழுக்குப் போட்டது. அடோபி நிறுவனம் 2015இல் வெளியிட்ட லைட்ரூம் 6தான் அந்த மென்பொருளில் ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு, அதன்பிறகு சந்தாதான். வாடகை வீட்டில் இருப்பவனுக்குக்கூட ஒப்பந்தம் முடிந்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிறது.

சென்ற ஆண்டு ஆசைப்பட்டுப் புதிய கேமரா வாங்கினேன். நான் காசு கொடுத்து வைத்திருந்த பழைய மென்பொருள் அதன் கோப்பை யாரென்றே தெரியாது என்றது. அடோபியின் இலவச மாற்றியில் போட்டு டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவமாக ஆக்கினால் திறக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆயிரத்தைந்நூறு படங்களை முதலில் அரைத்துவிட்டு, பிறகு சமைக்க வேண்டும். சமையலறைக்குப் பக்கத்து அறையில் மடிக்கணினியின் விசிறி விமானம் புறப்படுவதைப் போல இரைகிறது. இருட்டில் எடுத்த படத்தில் வரும் பொடிப் புள்ளிகளை நீக்குவது நொடியில் முடிகிறது என்று காட்டும் அந்தக் காணொளிக்காரர்கள் என்ன விலைக் கணினியில் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போவார்கள்?

நேற்று அந்த அம்மா நான்காவது முறையாகச் செய்தி அனுப்பினார். அக்கா மகன் கைப்பேசியில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்களாம். என்னுடையது வந்தால் சாமி அறையில் வைக்கலாம் என்றார். இன்றிரவு பழைய மென்பொருளிலேயே உட்காரப்போகிறேன். இன்னொரு காணொளியின் இணைப்பை அனுப்பி வைத்திருக்கும் நண்பரே, உங்களுக்குப் பதில் நாளைக்கு.