ஒரு குண்டுதானே என்று சிரித்தவர்களுக்கு

ஒரு வாரமாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த நமீபிய வேட்டைக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுட்டவர் யார், எந்தப் பண்ணை, அந்தக் குடு மானின் கொம்பு எத்தனை அங்குலம் என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. எனக்கு வேண்டியது அதன் கடைசிப் பகுதி மட்டும். காதுகளை மூடும் விலை உயர்ந்த எலெக்ட்ரானிக் இயர்மஃப் மாட்டிய, பணம் கட்டி வேட்டைக்கு வந்த விருந்தாளி சுடுகிறார். அவருக்கு இடப்பக்கம், குழல் முனைக்கு வெகு அருகில், துப்பாக்கியைச் சாய்த்துவைக்கும் சுடுதாங்கியின் கால்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் டிராக்கர், அதாவது விலங்கின் தடம் பார்த்து வழிகாட்டும் பண்ணை ஆள், சத்தத்தில் தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொள்கிறார். பிறகு உள்ளங்கையால் வலது காதைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். வண்டியில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம்மவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். "அவருக்கும் ஒரு ஜோடி இயர்பிளக் கொடுத்திருக்கலாமே" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். "ஒரு குண்டுக்கு இவ்வளவு அலப்பறையா சார்?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குக் குவிந்த விருப்பக்குறிகளை எண்ணிப் பார்க்கும் மனவலிமை எனக்கு இல்லை.

ஆம், ஒரு குண்டுக்குத்தான் இந்த அலப்பறை. பெரிய ரைஃபிளின் வெடிச்சத்தம் சுடுபவரின் காதருகே 160 டெசிபலைத் தாண்டும். திடீர் வெடிச்சத்தத்துக்குப் பெரியவர்களின் காதுக்கு 140 டெசிபலும் குழந்தைகளின் காதுக்கு 120 டெசிபலும்தான் உச்ச வரம்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 140க்கும் 160க்கும் இடையே இருபதுதானே என்று கணக்குப் போடாதீர்கள். டெசிபல் கணக்கில் இருபது கூடினால் ஒலியின் செறிவு நூறு மடங்கு கூடுகிறது. சத்தம் அதிகமானால் காதின் உள்ளே இருக்கும் சிறு தசை இறுகிக் காதைக் காக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்; அது உண்மைதான். ஆனால் அந்தத் தசை விழித்துக்கொள்வதற்குள் துப்பாக்கியின் வெடி சில மில்லி விநாடிகளில் தன் வேலையை முடித்துவிடும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிரிழை செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000தான் இருக்கின்றன. செத்தது செத்ததுதான், மனிதனுக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன என்பது இதில் வேடிக்கை. நாம் குறிவைத்துத் தப்பவிட்ட கினிக்கோழிக்குக் காது திரும்பக் கிடைக்கும், குறிவைத்த நமக்குக் கிடைக்காது.

அந்தத் துப்பாக்கியின் முனையில் மஸில் பிரேக் மாட்டியிருந்ததைக் கவனித்தீர்களா? .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற கனமான ரைஃபிள் தோளில் உதைக்கும் உதையைக் குறைக்க, வெடிவாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடும் கருவி அது. தோள் பிழைக்கிறது, சத்தமோ இன்னும் கூடுகிறது. கூடுகிற சத்தம் போய்ச் சேர்வது பக்கத்தில் நிற்பவரிடம். சுடுபவர் தன் தோளின் வலியைத் தன் டிராக்கரின் காதுக்கு மாற்றி அனுப்புகிறார் என்று சொன்னால் கடுமையாகத்தான் இருக்கும், ஆனால் நடப்பது அதுதான். கைகள் சும்மா இருந்தால் அவர் விரலாலாவது காதை அடைத்திருப்பார். அந்தக் கைகளைத்தான் சுடுதாங்கி பிடிக்கக் கேட்டு வாங்கிக்கொண்டோமே!

நான் வேட்டைக்கே எதிரி என்று எழுதியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நமீபியாவின் எரோங்கோ பகுதியில் ஒரு சுரங்கத்தில் தொழிலாளர் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். நண்பர்களின் பண்ணைகளுக்கு நானும் போகிறேன். ஸ்பிரிங்போக் சுட்டிருக்கிறேன், அதன் இறைச்சியை உப்பும் கொத்தமல்லி விதையும் தடவிக் காயவைத்துப் பில்டாங் ஆக்கித் தின்றிருக்கிறேன். என் வேலையில் 85 டெசிபல் என்பது ஒரு கோடு. அதைத் தாண்டும் இடத்தில் காதுப் பாதுகாப்பு இல்லாமல் ஒருவர் காலடி வைத்தால் கங்காணி முதல் மேலாளர் வரை அத்தனை பேரும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் கேட்டல் சோதனை நடக்கிறது, வரைபடம் கோப்பில் ஏறுகிறது, சத்தத்தால் காது கெடுவதன் அடையாளமாக நான்காயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழத் தொடங்கினால் மருத்துவர் கூப்பிட்டு அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை மாலை வரை இத்தனை ஒழுங்கோடு இருக்கும் அதே மனிதர்கள் சனிக்கிழமை காலையில் பக்கி என்று இங்கே சொல்லும் திறந்த பின்புற வண்டியில் ஏறி, ஓட்டுநரின் தலைக்கு மேலே கூரையில் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துச் சுடுகிறார்கள். கீழே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கோடும் கிடையாது, கோப்பும் கிடையாது. சில சமயம் அவர் மடியில் பத்து வயதுப் பையன் ஒருவன் வேறு உட்கார்ந்திருப்பான்.

இனி, நண்பர்கள் சொன்ன சமாதானங்களுக்கு வருகிறேன்.

"காதை அடைத்துக்கொண்டால் விலங்கின் சத்தம் கேட்காது." ஏதோ ஒரு நியாயம் உள்ள பதில் இது ஒன்றுதான் என்பதால் மரியாதையாகவே பேசுகிறேன். நுரை இயர்பிளக் மாட்டினால் உலகமே தலையணைக்குள் போய்விடும் என்பது உண்மை. அதற்காகத்தான் ஒலிவாங்கி பொருத்திய எலெக்ட்ரானிக் இயர்மஃப் வந்தது. மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கித் தரும், வெடிச்சத்தம் வந்த கணத்தில் ஒலிபெருக்கத்தை நிறுத்திவிடும். அதிலும் குறைகள் உண்டு. காற்றடித்தால் இரையும், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது கொஞ்சம் குழம்பும், கிண்ணம் பெரிதாக இருந்தால் துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சரியாகப் பதிக்க முடியாமல் இடிக்கும், நமீபிய வெயிலில் அதற்குள் வியர்வை ஊறும். ஒல்லியான கிண்ணம் உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் நுரை இயர்பிளக்கைக் கயிற்றோடு கழுத்தில் தொங்கவிட்டு, சுடுதாங்கியை நிறுத்தும் நேரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். குறி பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய நேரமில்லை. இத்தனையும் ஒரு பக்கம் இருக்கட்டும். காணொளியில் விருந்தாளியின் காதில் இருந்தது இதே எலெக்ட்ரானிக் இயர்மஃப்தானே? அவருக்கு விலங்கின் சத்தம் கேட்டதல்லவா? டிராக்கருக்கு மட்டும் ஏன் கேட்காமல் போகும்?

"வேட்டையின் பரபரப்பில் துப்பாக்கிச் சத்தமே கேட்பதில்லை." உங்களுக்குக் கேட்பதில்லை, உங்கள் காதுக்குக் கேட்கிறது. மனம் ஒன்றிலேயே குவிந்து நிற்கும்போது மூளை சத்தத்தைத் தள்ளிவைத்துவிடுகிறது. உட்செவிக்கு அப்படித் தள்ளிவைக்கும் வசதி இல்லை. அடி விழுந்தது தெரியவில்லை என்பதால் அடியே விழவில்லை என்று ஆகிவிடாது.

"சைலன்சர் மாட்டினால் போதும்." மாட்டுங்கள், மிகவும் நல்லது. தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தனி உரிமம்கூட வேண்டியதில்லை. ஆனால் அது குறைப்பது பெரும்பாலும் இருபது முதல் முப்பத்தைந்து டெசிபல் வரை. 165இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், வரம்புக்கு மேலேயும் நிற்கலாம், கீழேயும் நிற்கலாம். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வழியெல்லாம் எழுப்பும் சாட்டையடிச் சத்தத்தை அது ஒன்றும் செய்யாது. சைலன்சரோடு இயர்பிளக்கும் மாட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"எங்கள் தாத்தா காலத்தில் இதெல்லாம் இல்லை." இல்லைதான். இங்கே பழைய வேட்டைக் குடும்பங்களில் விருந்துக்குப் போய்ப் பாருங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவரிடம் உப்பைக் கேட்க எத்தனை பேர் கத்த வேண்டியிருக்கிறது என்று தெரியும். வலது கைப் பழக்கம் உள்ளவர் நீளத் துப்பாக்கியால் சுடும்போது இடது காதுதான் குழல் முனைக்கு அருகில் இருக்கிறது, வலது காது தலையின் மறைவில் தப்பிக்கிறது. அதனால் பலருக்கு இடது காதுதான் முதலில் போகும். விருந்தில் மருமகள்கள் யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று பேசி முடிவு செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது, "கொடுத்தாலும் அவர்கள் மாட்டுவதில்லை சார்" என்ற பதில்.

அவர்கள் என்றால் யார்? ஒமாருரு பக்கத்துப் பண்ணை ஒன்றில் நான் அறிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். எல்லோரும் அவரைத் தாத்தே, அதாவது அப்பா, என்று மரியாதையாக அழைப்பார்கள். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து நவம்பர் கடைசிவரை நீளும் வேட்டைப் பருவத்தில் விருந்தாளிக்குப் பின் விருந்தாளியாக வருவார்கள். ஒவ்வொருவரும் வந்த அன்றே துப்பாக்கி பயணத்தில் அசைந்துவிட்டதா என்று பார்க்க இலக்குப் பலகையில் சில குண்டுகள் சுடுவார்கள். பிறகு வேட்டை, பிறகு காயம்பட்ட விலங்கை முடிக்கும் குண்டு. விருந்தாளிக்கு ஒரு குண்டு என்பது தாத்தேவுக்கு ஒரு பருவம், பருவம் பருவமாக ஒரு வாழ்நாள். உலர்ந்த இலையில் குளம்பு படும் சரசரப்பும், எருமையின் முதுகில் தொற்றிக்கொண்டு திரியும் சிறு குருவியின் சீறலும் உயர்ந்த அதிர்வெண்ணில் வருபவை. காது கெடும்போது முதலில் மறைவது அந்தப் பகுதிதான். அதாவது, எந்தக் காதை நம்பி அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்களோ அந்தக் காதைத்தான் அந்த வேலையே தின்கிறது. இப்போது அவரிடம் பேசினால் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டுகிறார். சாம்பல் லூரிப் பறவை மரத்திலிருந்து நீட்டி முழக்கி எங்களை விலங்குகளுக்குக் காட்டிக்கொடுத்தபோது அவருடைய பேரன்தான் அவர் கையைத் தொட்டுச் சொன்னான். பண்ணைக்காரர் என்னிடம், "கிழவருக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் பையனை வைத்துக்கொள்ளலாம்" என்றார். வயதாம்!

அந்தத் தாத்தேவிடம் நுரை இயர்பிளக்கை எப்படி மாட்டுவது என்று யாரும் காட்டியதில்லை. பொட்டலத்தைக் கையில் திணித்ததோடு சரி. நுரையை மெல்லிய குச்சிபோல் உருட்டி, எதிர்க் கையைத் தலைக்குமேலே சுற்றிக் கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பின்னால் மேல்நோக்கி இழுத்து, துளை நேரானதும் உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும்வரை விரலால் அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இயர்பிளக் ஒப்புக்கு மாட்டியதுதான். அப்படி மாட்டினால், இத்தனை டெசிபல் குறையும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிப் பயனில்லை. நான் காட்டிக்கொடுத்தபோது அவர் ஒரே தடவையில் கற்றுக்கொண்டார். மாட்டியும் கொண்டார். அன்றைய விருந்தாளி, "இவருக்குப் பாட்டு கேட்க வேண்டுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். தாத்தே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாட்டுவதில்லை என்று சொல்பவர்கள், ஏன் மாட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

"விலங்கைக் கொல்லப் போகிறவர்கள் காதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களாக்கும்" என்று சைவ நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வேட்டை வேண்டுமா வேண்டாமா என்பது பெரிய வழக்கு. கென்யா 1977இல் தடை செய்தது, போட்ஸ்வானா 2014இல் தடை செய்து 2019இல் நீக்கியது, இந்தியாவில் வேட்டையைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவரவர் நியாயத்தை அவரவர் பேசட்டும். ஆனால் அந்த வழக்கு தீரும்வரை ஒரு கூலிக்காரர் செவிடாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தருமம் எனக்குப் புரியவில்லை. மானுக்காக அழுகிறவரின் கண்ணிலும் மானைச் சுடுகிறவரின் கண்ணிலும் அந்த மனிதர் படவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இதைச் சொன்னால் நான் நாடகம் ஆடுகிறேன் என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

இந்தப் பருவத்துக்குப் புறப்படும் நண்பர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். ஒரு .375 தோட்டாவுக்குக் கொடுக்கும் காசில் பல ஜோடி நுரை இயர்பிளக் கிடைக்கும். டிராக்கருக்கு, ஓட்டுநருக்கு, வண்டியில் ஏறும் குழந்தைக்கு எல்லாம் எடுத்துப் போங்கள், மாட்டக் காட்டிக்கொடுங்கள், எல்லோரும் மாட்டும்வரை விசையில் விரல் வைக்காதீர்கள். மஸில் பிரேக்கைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், தோள் இரண்டு நாளில் ஆறிவிடும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் பண்ணைக்காரரிடம், உங்கள் ஆட்களுக்குக் கேட்டல் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். கேள்வி பிடிக்காத பண்ணைக்காரர் வேறு விருந்தாளியைத் தேடிக்கொள்ளட்டும். "ஒரு குண்டுதானே" என்று இதற்குக் கீழும் எழுத வருகிறவர்களுக்கு இனி நான் பதில் எழுதுவதாக இல்லை.