பெய்ஸ்லி டிசைன் பெய்ஸ்லியில் பிறந்ததல்ல

'பெய்ஸ்லி டிசைன் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் பிறந்தது, அந்த டிசைன் போட்ட சால்வைதான் ஊரை மில் நகரமாக்கியது' என்று சொல்வதுண்டு. இரண்டுமே சரியில்லை. நாம் மாங்காய் டிசைன் என்று சொல்லும் அந்த வடிவம் காஷ்மீர் சால்வைகளிலிருந்து போனது. 19ஆம் நூற்றாண்டில் பெய்ஸ்லி நெசவாளர்கள் அதைப் பார்த்து மலிவாக நெய்தார்கள். அவர்கள் ஊரின் பெயரே டிசைனுக்கு ஒட்டிக்கொண்டது. காஷ்மீர்க் கைகளின் உழைப்பு இப்படி மறைந்துபோவது எனக்கு வருத்தம்தான்.

1870களில் சால்வை மோகம் ஓய்ந்துவிட்டது. ஊரைப் பெரிய மில் நகரமாக்கியது தையல் நூல். நெப்போலியன் போர்க்காலத்தில் பட்டு கிடைக்காமல் போனதால், கிளார்க் குடும்பம் உறுதியான பருத்தி நூலை உருவாக்கியது. 1826இல் கோட்ஸ் குடும்பமும் பெய்ஸ்லியின் ஃபெர்குஸ்லி பகுதியில் மில் கட்டியது. 1896இல் இரண்டும் இணைந்தன. நம் மதுரா கோட்ஸ் பெயரில் உள்ள கோட்ஸ் இவர்களேதான்.