மூச்சைச் சேமித்தால் 150 வயதா?

ஒரு நாளைக்கு 21,600 மூச்சு; அதைக் குறைத்தால் ஆயுள் நீளும்; ஆமையைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கணக்கு இப்போது கட்டண வகுப்பாகவும் வந்துவிட்டது. 150 வயது வரை வாழலாமாம்.

பெருக்கல் சரிதான். நிமிடத்துக்கு 15, நாளுக்கு 1,440 நிமிடம். ஆனால் பிறக்கும்போதே மூச்சை ப்ரீபெய்டு கார்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே? அப்படியானால் தினமும் மூச்சு வாங்க ஓடுகிறவர்கள் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். சராசரியில் அவர்கள்தான் கூடுதல் காலம் வாழ்கிறார்கள்.

மெதுவான மூச்சுக்குப் பலனே இல்லை என்று சொல்லவில்லை. நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் நிதானமாக விட்டால் படபடப்பு அடங்கும், ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். இதுவே பெரிய விஷயம். இதைச் சொன்னால் யாரும் பணம் கட்ட மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

உடனே திருமூலரை இழுப்பார்கள். 3,000 ஆண்டு இருந்து ஆண்டுக்கு ஒரு பாட்டு பாடினார் என்பது பெரியபுராணக் கதை. கதையாகவே இருக்கட்டும். 'உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த்தேனே' என்று மேடைதோறும் சொல்கிறவர்கள் அதே பாட்டில் மேலே இருக்கும் 'திடம்பட மெய்ஞ்ஞானம் சேரவும் மாட்டார்' என்பதை விட்டுவிடுகிறார்கள். உடம்பு போனால் ஞானம் கைகூடாதே என்பதுதான் அவர் கவலை. வயதைக் கூட்டிக்கொண்டே போய் என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. வகுப்பு விளம்பரத்தில் அது இல்லை.

யோகத்தால் நீண்ட ஆயுள் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் சென்னையில் வாழ்ந்து 1989-ல் மறைந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். நூறு வயது. அவருடைய மாணவி இந்திரா தேவி 102, பி.கே.எஸ். ஐயங்கார் 95. வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வித்தையை அப்பாவிடமே கற்று, வாழ்நாள் முழுக்கக் கற்பித்த மகன் தேசிகாச்சார் 78-ல் போய்விட்டார். நூறைத் தொட்டவர்களை மட்டும் பொறுக்கி வைத்தால் எந்தப் பயிற்சியும் அமுதமாகத்தான் தெரியும். கிருஷ்ணமாச்சாரியாரிடம் என்னை அசத்துவது அவர் வயதல்ல. 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி, படுக்கையிலேயே செய்யத் தனக்கென்று பயிற்சிகளை அமைத்துக்கொண்டாரே, அது.

இன்னொரு பக்கம் ரமணர். மனதை அடக்கியவர் என்று யாரைச் சொன்னாலும் அவருக்குப் பிறகுதான். கையில் புற்றுநோய், பல முறை அறுவை, 1950-ல் எழுபது வயதில் முடிந்தது. கடைசி வரை தரிசனத்தை நிறுத்தவில்லை. புலனடக்கத்துக்கு வயதுதான் மதிப்பெண் என்றால் ரமணர் ஃபெயில் என்றாகிவிடும். சொல்லிப் பாருங்கள், திருவண்ணாமலைக்காரர்கள் சும்மா விடுவார்களா!

பிராணாயாமம் செய்யுங்கள், நானும் செய்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் மட்டும் 150-ஐத் தொட்டவர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். உலகத்தில் சான்றோடு அதிக காலம் வாழ்ந்தவராகப் பதிவானவர் பிரான்சின் ழான் கல்மோன், 122 வயது. நூறைத் தாண்டியும் சிகரெட் பிடித்த பாட்டி அவர்.