சுண்டெலிக்குக் குணமானது, பிள்ளைகளுக்கு அல்ல

அண்ணாச்சி, ‘சுண்டெலிக்கு டைப் 1 சர்க்கரையைக் குணமாக்கிவிட்டார்கள், பிள்ளைகளுக்கு இனி இன்சுலின் வேண்டாம்’ என்று மேலே போட்டிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதி சரியில்லை.

அவை 1980இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட, டைப் 1 சர்க்கரை தானாகவே வரும் என்ஓடி (NOD) வகை எலிகள். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைத்து வளர்த்ததால் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே மரபணு. பெண் எலிகளுக்குத்தான் நோய் அதிகம் வரும். மனிதரில் அப்படி இல்லை. நோய்க்குக் காரணமான மரபணுப் பகுதிகளைத் தேட அவை அருமையான துணை. ஆனால் அவற்றிடம் பலித்த பல சிகிச்சைகள் மனிதரிடம் பலிக்கவில்லை.

மருத்துவ ஆய்வுச் சுருக்கங்கள் கிடைக்கும் பப்மெட் (PubMed) தளத்தில் அந்த ஆய்வின் சுருக்கத்தைத் திறந்து, யாரிடம் சோதித்தார்கள் என்ற வரியைப் பாருங்கள், போதும்.

டைப் 1 வந்த பிள்ளையின் உடல் போதிய இன்சுலினைச் சுரக்காது; ஊசியாகப் போடும் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. செங்கோட்டையிலிருந்து புனலூர், திருவனந்தபுரம் என்று அலையும் பெற்றோரும் இதைப் படிக்கிறார்கள். ‘இனி இன்சுலின் வேண்டாம்’ என்ற அந்த இரண்டாவது பாதியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.