காமப் பாட்டுக்குக் காவி கட்டுகிறேனாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கனடாப் பாடகர் லியோனார்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’ யூத வழிபாட்டு மரபிலிருந்து வந்த பாட்டு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மைக்கைப் பிடுங்கி, “தோழர் காமப் பாட்டுக்குக் காவி கட்டுகிறார்” என்றார் அந்தப் பெரியவர். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

சரி, அந்தப் பாட்டில் காமம் இருக்கிறது. யார் இல்லை என்றது? அந்தப் பாட்டில் வருகிற பைபிள் ராஜா தாவீதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து, இன்னொருவன் மனைவி பத்சேபா குளிப்பதைப் பார்த்தவனும் தாவீதுதான், பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களுக்குச் சொந்தக்காரன் என்று மரபு சொல்வதும் அதே தாவீதைத்தான். இரண்டையும் கலந்தது நானில்லை ஐயா, கோஹனும் இல்லை. பைபிளிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதிலுள்ள உன்னதப்பாட்டு முழுக்க முழுக்கக் காதல். அதைத்தான் பழங்கால யூத அறிஞர் ரபி அகிவா புனிதத்திலும் புனிதம் என்றார். ஆண்டாளைப் படித்த ஊரில் இதை விளக்க வேண்டியிருக்கிறது!

தெருவில் கேட்ட மெட்டைக் கடவுளிடம் கொண்டுபோவது யூதர்களுக்குப் பழைய வழக்கம். நெப்போலியன் படையின் அணிவகுப்பு இசையை ஹபாத் ஹசீதியர்கள் என்ற யூதப் பக்திப் பிரிவினர், உபவாச நாளான யோம் கிப்பூரின் கடைசித் தொழுகையில் இன்றும் பாடுகிறார்கள். நாளெல்லாம் பட்டினி கிடந்து, எதிரிப் படையின் மெட்டு!

டொராண்டோவில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளி மாலை சக ஊழியர் என்னை அவர்களுடைய ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். வாராந்திர ஓய்வுநாளான சபாத்தை மணமகளாக வரவேற்கும் ‘லெகா தோடி’ பாடினார்கள். பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டு, மெட்டு மட்டும் கோஹனின் ஹல்லேலூயா. கடைசிச் சரணத்தில் எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பிக் குனிந்தார்கள். முன்வரிசைத் தாத்தா சுருதியே சேராமல் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். காவி கட்டுவதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை.

“கோஹன் ஜென் பௌத்தத் துறவி ஆயிற்றே?” ஆனார், 1996-இல். யூதத்தை விட்டாரா? 2009-இல் இஸ்ரேலில் கச்சேரியை முடித்தபோது கை உயர்த்தி யூதப் பூசாரிகளான ஆசாரியர்களின் ஆசியை எபிரேயத்தில் சொன்னார். 2016 அக்டோபரில் வந்த கடைசி ஆல்பத்தில், தன் தாத்தா தலைவராக இருந்த மாண்ட்ரியல் ஜெப ஆலயத்தின் பாடகர் குழுவையே பாட வைத்தார். ஆபிரகாம் கடவுளுக்குச் சொன்ன “இதோ இருக்கிறேன்” அதில் எபிரேயத்திலேயே வருகிறது. நவம்பர் 7 அன்று போய்ச் சேர்ந்தார். இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

“அப்படியானால் எந்தக் குத்துப்பாட்டையும் பிரார்த்தனை என்று சொல்லிவிடலாமே?” நல்ல கேள்விதான். இன்னொரு நாள் பேசலாம்.

“நீ யூதனா? உனக்கேன் இந்த வேலை?” இல்லை. சூஃபிக் கவிஞர் ரூமியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்களே, அப்போது யாரும் என் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை.

உண்மையில் அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாட்டைக் கேட்காமலே பேசுகிறவர், அவ்வளவுதான். முந்தின வாரம்தான் அதே பாட்டை என் வீட்டில் மூன்று முறை போடச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் சேர்ந்து சிரித்தீர்களே, அதுதான் தாங்கவில்லை. யாரென்று எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வரவில்லை. மேடை லேப்டாப்பில் மாட்டியிருக்கும் என் பென் டிரைவை யாராவது எடுத்து வையுங்கள்.