நடுவில் புதைத்த கம்பி இறக்கையைக் காப்பாற்றாது
"மாதிரி விமானத்தின் ஃபோம் இறக்கையில், தடிமனுக்கு நட்டநடுவில் மெல்லிய கார்பன் கம்பியைப் புதைத்தால் போதும், மடங்கவே மடங்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையும். மேல்பரப்பு நசுங்கும், கீழ்ப்பரப்பு இழுபடும். நடுவில் இரண்டுமே சொற்பம். அங்கே கம்பியின் சொந்த விறைப்பு மட்டும்தான் உதவும், மற்றபடி வெறும் எடை. அதே கார்பனைப் பட்டையாக, இறக்கை அதிகத் தடிமனாக இருக்கும் இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று ஒட்டுங்கள். பட்டைகளுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய 4 மடங்காகும். லூப் (செங்குத்தாக ஒரு வட்டம்) அடித்து மடங்கிய இறக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் மேல்பக்கம்தான் சுருக்கம் விழுந்திருக்கும்.

அப்புறம், தெர்மோகோல் இறக்கை மேல் பாலியஸ்டர் ரெசின் பூசலாம் என்கிற பதிலையும் நம்ப வேண்டாம். அந்த ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். எபாக்ஸி ரெசின் பூசுங்கள்.